ஸ்பிரிங் வைத்த மூடி

பாண்டுரங்கன் தன்னுடைய லைன் வீட்டுக்குக் கமிட்டி போட்ட பிறகுதான் அங்கே குப்பை சத்தம் போட ஆரம்பித்தது. அதற்கு முன்னாலும் குப்பை இருந்தது. ஆனால் அது கேட்பாரில்லாமல், வேலிகாத்தான் புதருக்குப் பின்னால் தன் பாட்டுக்கு மக்கிக்கொண்டு கிடந்தது. யாருடைய தூக்கத்தையும் அது கெடுக்கவில்லை.

பென்னலூரில் ஏரிக்குப் போகிற வண்டிப்பாதையை ஒட்டி, ரயில் பெட்டி மாதிரி ஒரே வரிசையில் ஆறு போர்ஷன். மேலே சிமெண்ட் ஷீட். ஒரு வீட்டுக் குழந்தை தும்மினால் அடுத்த வீட்டில் ‘நூறு’ என்பார்கள். அவ்வளவு கனமான சுவர். வரிசையின் தலைமாட்டில் பாண்டுரங்கனின் தளம் போட்ட வீடு. நாலு வருஷத்துக்கு முன்னால் இந்த இடம் அவருடைய எருக்குழி. மாட்டுச் சாணியும் அடுப்புச் சாம்பலும் வருஷம் பூராவும் அதில் விழும். கோடையில் வண்டி வண்டியாக நிலத்துக்குப் போகும். நிலம் கம்பெனிக்குப் போயிற்று. நிலம் போனதும் மாடு போயிற்று. மாடு போனதும் குழிக்கு வேலையில்லை. அதைத் தூர்த்து மேலே போர்ஷன் கட்டி, முகப்பில் ‘பாண்டுரங்கா காலனி’ என்று பலகை மாட்டினார். அதுவரை ‘பாண்டு’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த ஊர், பலகை மாட்டிய பிறகும் ‘பாண்டு’ என்றுதான் கூப்பிட்டது. குடியிருக்க வந்தவர்கள்தான் ‘ஓனர்’ என்றார்கள். அதனாலேயே குடியிருக்கிறவர்கள் மேல் அவருக்கு ஒரு தனிப் பிரியம்.

“எருக்குழிய மூடி மேல வூட்டக் கட்டிட்டு, இப்போ குப்பைய எங்க கொட்டறதுன்னு கமிட்டி போட்டுக்கினு கீறாரு பாரு எங்க வூட்டு மனுசன்” என்று அவர் மனைவி முனியம்மாள் அடிபம்பில் வைத்து எல்லோரிடமும் சொன்னாள். கமிட்டியில் பெண்கள் கிடையாது. ஆகவே அந்தக் கருத்து பதிவாகவில்லை.

பாண்டுரங்கன் தலைவர். முதல் போர்ஷன் சுப்பராயன் செயலாளர். சுப்பராயனுக்கு ஸ்பிரிங் கம்பெனியில் இன்ஸ்பெக்டர் வேலை. வெர்னியர் காலிபரைப் பேனா மாதிரிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு காய்கறி வாங்கப் போகிறவர். கத்தரிக்காயை அளந்தார் என்று சொன்னால் அபாண்டம். அளந்துவிடுவாரோ என்று கடைக்காரர் பயந்தார் என்பது மட்டும் நிஜம். கம்பெனியில் ஆயில் வந்த காலி டிரம் ஒன்றைக் கழிவு விலைக்கு எடுத்து, பாதியாக அறுத்து, பச்சைப் பெயிண்ட் அடித்து, தகர மூடி போட்டு, அந்த மூடிக்கு ரிஜெக்ட்டில் போன இரண்டு ஸ்பிரிங்கை மாட்டிக் கொண்டுவந்தார்.

“ஆட்டோமேட்டிக்” என்றார். “தொறந்து போட்டுட்டுக் கைய எடுத்தா தானா மூடிக்கும். நாய் வாய் வைக்காது. கோழி ஏறாது. ஈ வராது.”

மூன்றும் உண்மை. ஆனால் அந்த ஸ்பிரிங் லாரி பிரேக்குக்காகச் செய்தது. பத்து டன் லாரியை இழுத்துப் பிடிக்கப் பிறந்த தன்னைக் கருவாட்டுத் தலைக்கும் முருங்கைச் சக்கைக்கும் காவல் வைத்துவிட்டார்களே என்கிற கோபத்தை, அது ஒவ்வொரு தடவையும் ‘டமார்’ என்று காட்டியது. திறப்பு விழாவில் பாண்டுரங்கன் தேங்காய் உடைத்து, மூடியைத் தூக்கி, ஒரு வாழைப்பழத் தோலை உள்ளே போட்டார். டமார் என்றதும் எல்லோரும் கைதட்டினார்கள். மூன்றாவது போர்ஷன் அந்தோணிமேரியும் கைதட்டினாள்.

டிரம் வந்துவிட்டது. எங்கே வைப்பது? ஒருவருக்கு ஈசானிய மூலை. ஒருவருக்குத் துளசி மாடம். பம்பாண்டை வைத்தால் தண்ணீருக்கு ஆகாது. ரோட்டோரம் வைத்தால் டீக்கடைக்காரன் வந்து டீத்தூளைக் கொட்டுவான். தலைவர் வீட்டு வாசலில் வைக்கலாமே என்று ஒருத்தரும் சொல்லவில்லை. சொல்லாததைத் தலைவர் கவனித்து மனசுக்குள் மெச்சிக்கொண்டார். பேச்சு நாலு ஞாயிற்றுக்கிழமை ஓடியது. ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை சுப்பராயனுக்கு அந்த யோசனை வந்தது.

லைனில் மூன்று வீட்டு ஆண்கள் ஷிப்டு பார்க்கிறவர்கள். மற்றவர்களுக்கு ஜெனரல். ராத்திரி ஷிப்டு பார்க்கிறவன் பகலில் எங்கே இருக்கிறான்? வீட்டில். சும்மா. அந்த வீட்டு ஜன்னலுக்குக் கீழே டிரம்மை வைத்துவிட்டால் காவலுக்குக் காவலும் ஆயிற்று. மாடு முட்டினாலோ, வெளியாள் வந்து கொட்டினாலோ, கேட்பதற்கு ஒரு ஆம்பளை இருக்கிறான்.

“மேன்பவர் சும்மா கெடக்குது தலைவரே” என்றார் சுப்பராயன். “யூஸ் பண்ணிக்கலாம். ஞாயித்துக்கெழம ஷிப்டு மாறும். ஞாயித்துக்கெழமயே டிரம்மும் மாறும். யாருக்கும் ஓரவஞ்சன கெடையாது.”

சுப்பராயனுக்கு ஜெனரல் ஷிப்டு என்பது தற்செயல்.

அந்தோணிமேரி அப்போது கோயிலில் பூசையில் இருந்தாள். தவக்காலத்து ஞாயிறு, பிரசங்கம் நீண்டுவிட்டது. அவள் புருஷன் யேசுராஜ் சனிக்கிழமை ராத்திரி ஷிப்டு முடித்துவிட்டு வந்து படுத்தவன். கமிட்டியார் கதவைத் தட்டி எழுப்பி, விஷயத்தைச் சொல்லி, “சம்மதந்தானே?” என்று கேட்டார்கள். அவன் தலையை ஆட்டினான். ஆட்டினால்தான் போவார்கள் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அப்படியாக, தூங்குகிறவனைக் காவல்காரனாக்குவதற்குத் தூங்குகிறவனிடமே சம்மதம் வாங்கப்பட்டது. சுப்பராயன் கம்பெனி மஞ்சள் பெயிண்டைக் கொண்டுவந்து, மிஷினைச் சுற்றிக் கோடு போடுவதுபோல, மூன்று வீட்டு ஜன்னலுக்கும் கீழே சதுரம் சதுரமாகக் கோடு போட்டார்.

முதல் வாரம் லோகேஷ் வீடு. தனி ஆள்; மேலே கூரை விழுந்தாலும் புரண்டு படுக்கிற ரகம். ஒரு புகாரும் வரவில்லை. “டிரையல் ரன் சக்சஸ்” என்றார் சுப்பராயன். இரண்டாவது வாரம் எழிலரசன் வீடு. அவன் மனைவி கலைமதி பம்படியில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றதை அந்தோணிமேரி பார்த்தாள். குழம்புச் சட்டி அடுப்பில் இருந்ததால் நின்று கேட்கவில்லை. அன்றைக்கு மத்தியானம் மீன் செதிலை அவள்தான் கொண்டுபோய்க் கொட்டினாள். மூடி தானாக மூடிக்கொண்டது.

மூன்றாவது வாரம் டிரம் அவள் ஜன்னலுக்கு வந்தது.

பங்குனி வெயில். ஷீட்டின் மேல் நனைத்துப் போட்ட கோணி பத்து மணிக்கே காய்ந்துவிடும். யேசுராஜ் காலையில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து, கேழ்வரகுக் கூழும் வெங்காயமும் சாப்பிட்டுவிட்டுப் படுப்பான். அந்தோணிமேரி ஜன்னலுக்குச் சேலையைக் கட்டுவாள். மகள் ஜெர்சிக்கு இரண்டு வருஷமாகக் குசுகுசுவென்று பேசித்தான் பழக்கம். ‘இது பேசவே மாட்டேங்குதே, காது கேக்குமா?’ என்று பால்வாடி டீச்சர் கூப்பிட்டுக் கேட்டார். அப்படி வளர்த்த வீடு. அதன் ஜன்னலில்தான் இப்போது,

டமார்.

“யாருடி அது, ரத்னாவா? இன்னா கொழம்பு?”

“காராமணி. ஒனக்கு?”

“எங்கூட்டுல இன்னிக்கி வெறும் ரசந்தான். இவரு நேத்து இன்னா சொன்னாருன்னு தெரியுமா ஒனக்கு...”

டமார்.

குப்பை கொட்ட வருகிறவர்கள் குப்பையை மட்டும் கொட்டிவிட்டுப் போவதில்லை என்பதை அந்தோணிமேரி திங்கட்கிழமையே தெரிந்துகொண்டாள். வேலிகாத்தான் புதருக்குப் போனவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். டிரம்முக்கு வந்தவர்கள் நின்றார்கள். மூடி இருக்கிறதல்லவா, நாற்றமில்லை. சுப்பராயன் மனைவி ரத்னா ஒரு நாளைக்கு எத்தனை தடவை வருவாள் என்பது அவளுக்கே தெரியாது. பூண்டுத் தோலுக்கு ஒரு தடவை; வெங்காயத் தோலுக்கு ஒரு தடவை.

செவ்வாய்க்கிழமை அந்தோணிமேரி ஒரு கோணியைச் சுருட்டி மூடியின் விளிம்பில் கட்டினாள். டமார் என்பது ‘தப்’ என்று ஆயிற்று. அன்றைக்கு மட்டும் யேசுராஜ் கொஞ்சம் குறட்டை விட்டான். சாயங்காலம் ஜெனரல் ஷிப்டு முடிந்து வந்த சுப்பராயன் குனிந்து பார்த்து, கோணியை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு கதவைத் தட்டினார்.

“டிசைன்ல கை வைக்கக் கூடாதும்மா. மூடி ஃபுல்லா ஒக்காரல பாருங்க. ஈ பூந்துடும்.”

“சார், இவரு தூங்க முடியல சார். நைட்டு தகடு வெட்டற பிரெஸ்ஸுல நிக்கணும்.”

“ஒரு வாரந்தானேம்மா. எழிலரசன் வூட்ல வெச்சமே, அவங்க கோணியா கட்டினாங்க?” குரலைத் தணித்துக்கொண்டு, “இன்னொண்ணு. மத்தியானம் டீக்கடைக்காரன் ஒரு வாளி டீத்தூளக் கொட்டிட்டுப் போயிருக்கான். யேசுராஜ் வூட்ல தானே இருந்தாரு? கேக்க வேணாமா?”

“அவரு தூங்கிக்கினு இருந்தாரு சார்.”

“அதாம்மா. டூட்டில தூங்கறதுக்குக் கம்பெனில இன்னா பேரு தெரியுமா? மிஸ்கான்டக்ட்.”

இதைச் சிரிக்காமல் சொன்னார். அந்தோணிமேரிக்குக் கோணியைப் பிடுங்கி அவர் முகத்திலேயே அடிக்கலாம் போலிருந்தது. தவக்காலத்தில் யாரோடும் சண்டை பிடிப்பதில்லை என்று அவள் நேர்ந்திருந்தாள். கறியை விடுவது இதைவிடச் சுலபமாக இருந்தது.

புதன்கிழமை அவள் டிரம் பக்கத்திலேயே நின்றாள். வருகிறவர்கள் கையிலிருந்து முறத்தை வாங்கி, மூடியைத் தூக்கி, கொட்டி, இரண்டு கையாலும் மெல்ல இறக்கி வைத்தாள். சத்தம் நின்றது. ஆனால் மத்தியானத்துக்குள் அது வழக்கமாகிவிட்டது. “மேரி, இந்தா” என்று வாசலிலிருந்தே கூப்பிட்டார்கள். ஒருத்தி தொடப்பத்தையும் சேர்த்து நீட்டினாள். அதைவிட மோசம், நிற்கிற ஆளிடம் பேசாமல் போவது மரியாதையில்லை என்று எல்லோரும் நின்று பேசினார்கள். ‘உஸ்’ என்றால் கொஞ்ச நேரம் குசுகுசுவென்று பேசுவார்கள். பிறகு பழைய குரல் தானாக வந்துவிடும். அடுப்பில் சோறு குழைந்து, அடிப்பிடித்து, உள்ளேயிருந்து கேட்டது யேசுராஜின் குரல்: “இன்னா மேரி தீயுது?”

வியாழக்கிழமை காலையில் யேசுராஜ் வந்து உட்கார்ந்தான். கூழ்ச் சட்டியைத் தூக்கினான், திரும்ப வைத்தான்.

“இன்னா ஆச்சி?”

“ஒண்ணும் ஆவல.”

“ஒண்ணும் ஆவலன்னா ஏன் கூழத் திரும்ப வெச்சிட்டீங்க?”

அவன் கையைத் தரையில் விரித்து வைத்துக் காட்டினான். “தகட்ட டையில வெக்கறது கை. பெடல அமுக்கறது கால். கை வெளிய வந்த அப்பாலதான் கால் அமுக்கணும். தூக்கத்துல காலு தானா பெடல் மேல வுழுந்துடுச்சி மேரி.”

“அய்யோ மாதாவே!”

“கை எப்பிடி வெளிய வந்துச்சின்னு எனக்கே தெரியல. க்ளவுஸு மாட்டிக்கிச்சி. க்ளவுஸோட வெரலு மட்டும் அப்பிடியே அப்பளமா...” நிறுத்திக்கொண்டான். “ஃபோர்மேன் பாத்துட்டாரு. ‘இன்னொரு தபா தூங்கிப் பாத்தேன், பர்மனென்ட்ட மறந்துடு’ன்னாரு.”

அந்தோணிமேரி பர்மனென்ட்டைக் கேட்கவில்லை. அவன் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். பிரெஸ் ஷாப்புக்காரர்கள் கும்பிடும்போது விரலைப் பார்க்கக் கூடாது என்பது அந்தப் பக்கத்தில் ஒரு மரியாதை. கல்யாணமாகி வந்த புதிதில் அவள் விரல் குறைந்த ஒரு கையைப் பார்த்துவிட்டு, ராத்திரி சாப்பிடவில்லை.

அன்றைக்கு நேர்த்திக்கடனை ஒரு பக்கம் வைத்துவிட்டு அவள் கலைமதியிடம் போனாள்.

“கலைமதி, நீயும் வந்து சொல்லு. ரெண்டு வூட்டுக்காரிங்களும் சேந்து சொன்னா ஓனர் கேப்பாரு. இது உன் புருசனுக்கும்தானே?”

கலைமதி புடவையைக் கொடியில் உதறிப் போட்டாள். “எங்க வாரத்துல நீங்க எங்க அக்கா இருந்தீங்க?”

அந்தோணிமேரி கொடியில் சுருங்கிக் கிடந்த புடவை ஓரத்தை இழுத்து விட்டாள்.

“நான் பம்பாண்ட அழுதுக்கினு நின்னேன். பாத்துக்கினேதானே போனீங்க? சரி, அத வுடுங்க. இப்போ எங்க வாரம் முடிஞ்சிடுச்சி. நான் போயி கத்தினா சுப்பராயன் சாரு எங்க வூட்டாண்டயே பர்மனென்டா வெச்சிட்டா? அந்த ஆளுக்குத் தெரிஞ்ச ஒரே வேல கோடு போடறது. நான் வரல அக்கா. கோச்சிக்காதீங்க.”

கோபித்துக்கொள்ள அவளிடம் என்ன இருந்தது? அங்கிருந்து நேரே ஓனர் வீட்டுக்குப் போனாள். பாண்டுரங்கன் பிளாஸ்டிக் உறை போட்ட சோபாவில் உட்கார்ந்திருந்தார். அந்த சோபாவுக்கு உறை கழற்றப்பட்டதே இல்லை. எழுந்திருக்கும்போதெல்லாம் தொடையோடு ஒட்டிக்கொண்டு வரும். எதிர்ச் சுவரில் மனைப்படம். ஏரிக்கரையோரம் மிஞ்சியிருந்த நிலத்தை மனை போட்டு விற்கப்போகிறார். படத்தில் பூங்கா இருந்தது, நீரூற்று இருந்தது, நிஜத்தில் அங்கே முள் இருந்தது.

“அண்ணே, டிரம்ம எங்கனா மாத்தி வெக்கச் சொல்லுங்கண்ணே. ராத்திரி இவரு கை போயிருக்கும்.”

“போச்சா?”

“போவல. போயிருக்கும்னு சொல்றன்.”

“போவல இல்ல? அப்பால இன்னா?” பாண்டுரங்கன் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கினார். “இந்தாம்மா மேரி, கமிட்டி முடிவுன்னு ஒண்ணு கீது. உனக்காவ நான் மாத்தினா நாளிக்கு இன்னொருத்தன் வருவான். நாளிக்கு மெட்ராஸ்லருந்து மன பாக்கப் பார்ட்டி வருது. டிரம்ம அவங்களுக்குக் காட்டணும். டிசிப்ளின் எப்பிடிக் கீதுன்னு பாத்தாதான் மன போவும். ரெண்டு நாளு பொறுத்துக்கோ.”

“உங்க வாசல்ல வெச்சிக் காட்டுங்களேண்ணே. உங்க கௌரவந்தானே?”

பாண்டுரங்கனின் வாய் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தியது. உள்ளே முனியம்மாள் புளி கரைத்துக்கொண்டிருந்தவள், சிரிப்பை அடக்க இருமினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் யேசுராஜ் வந்தபோது கண் இரண்டும் சிவந்த மிளகாய். ராத்திரி முழுக்க முகத்தில் தண்ணீர் அடித்து அடித்து நின்றிருக்கிறான். “இன்னிக்கி ஒரு நாளு ஒழுங்காத் தூங்கிட்டன்னா இந்த வாரத்தத் தாண்டிடுவேன்” என்று சொல்லிவிட்டுப் படுத்தான். படுத்து இரண்டு தடவை அலறி எழுந்தான். பத்து மணிக்குப் பிறகு வெளியே நடமாட்டம் குறைந்து, மூச்சு சீராக வர ஆரம்பித்தது. அந்தோணிமேரி வாசற்படியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். ஜெர்சியைக்கூடக் கலைமதி வீட்டில் விட்டிருந்தாள். கலைமதி கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

அப்போது அம்பாசிடர் வந்தது.

சுப்பராயன் இதற்காக அரை நாள் பர்மிஷன் போட்டுவிட்டு, இஸ்திரிச் சட்டையில் காலிபரோடு நின்றார். பாண்டுரங்கன் தோள் துண்டுக்கு ஜவ்வாது போட்டிருந்தார். காரிலிருந்து இறங்கியவர் கண்ணாடி போட்ட பெரியவர். கூட அவர் மனைவி. ரிட்டையர் ஆனதும் ஊருக்கு வெளியே அமைதியான இடத்தில் ஒரு மனை வேண்டும் என்று வந்தவர்கள்.

“மொதல்ல நம்ம காலனியப் பாத்துடுங்க சார்” என்றார் பாண்டுரங்கன். “மனைங்களும் இதே மாதிரிதான் வரும். செக்ரட்டரி, காட்டுங்க.”

சுப்பராயன் டிரம் அருகே போய், தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மூடியைத் தூக்கினார். அந்தோணிமேரி எழுந்து இரண்டு கையையும் கூப்பினாள். அவர் அதை விருந்தாளிகளுக்குப் போட்ட வணக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

டமார்.

“ஆட்டோமேட்டிக் சார். ஸ்பிரிங் டென்ஷன் பாருங்க.” டமார். “நாய் தொறக்க முடியாது.” டமார். “மேடம், நீங்க ஒரு தடவ தொறந்து பாருங்க.”

மேடம் தயங்கி, புடவைத் தலைப்பால் மூடியைப் பிடித்துத் தூக்கி, பயந்து விட்டுவிட்டார்.

டமார்.

உள்ளே யேசுராஜ் “கை! கை!” என்று கத்திக்கொண்டு எழுந்து, சுவரில் மோதிக்கொண்டான்.

அந்தோணிமேரி கூப்பிய கையை இறக்கினாள். அவர்கள் ஏரிக்கரைப் பக்கம் மனை பார்க்க நடந்து போகிறவரைக்கும் பொறுத்தாள். உள்ளே போனாள். பாயைச் சுருட்டி இடுக்கினாள், தலையணையை எடுத்தாள், மறு கையால் புருஷனைப் பிடித்துக் கிளப்பினாள். “எங்க மேரி?” என்றான். “வாங்க” என்றாள். கைலியும் கிழிசல் பனியனுமாக, பாதி மூடிய கண்ணோடு, அவன் லைன் முழுக்க அவள் பின்னால் நடந்தான். முறத்தோடு வந்த ரத்னா வாயைத் திறந்தபடி நின்றாள்.

முனியம்மாள் தளம் போட்ட வீட்டின் வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“யக்கா, ஹால்ல ஃபேன் ஓடுதா?”

“ஓடுது. ஏன்?”

“இவரு கொஞ்சம் படுக்கணும்.”

முனியம்மாள் யேசுராஜை ஏற இறங்கப் பார்த்தாள். கீரைத் தட்டைத் தள்ளி வைத்து வழிவிட்டாள். “சோபாவுல வேணாம். பிளாஸ்டிக்கு, வேத்துக் கொட்டும். தரையில போடு, மொசைக்கு சில்லுனு கீது. ஜன்னலச் சாத்து.”

அவன் தலை தலையணையில் பட்டதுதான். மனைப்படத்துக்குக் கீழே, பூங்காவுக்கும் நீரூற்றுக்கும் நேர் கீழே, கையைக் காலைப் பரப்பிக்கொண்டு தூங்கிப் போனான். அந்தோணிமேரி கதவைச் சாத்திவிட்டு வெளிப்படியில் உட்கார்ந்தாள். முனியம்மாள் கீரைத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள். இரண்டு பேரும் ஆய்ந்தார்கள்.

மனை பார்க்கப் போனவர்கள் வெயிலில் வெந்து திரும்பி வந்தார்கள்.

“உள்ள வாங்க சார், ஃபேன் காத்துல ஒக்காந்து படத்தப் பாக்கலாம். முனிம்மா, மோர் கொண்டா” என்று சொல்லிக்கொண்டே வந்த பாண்டுரங்கன் படியைப் பார்த்து நின்றார். “இன்னாம்மா இங்க குந்திக்கினு? எந்திரி.”

“மெதுவாப் பேசுங்கண்ணே. உள்ள தூங்கறாரு.”

“யாரு?”

“எங்க வூட்டுக்காரரு. டிரம்மு எங்க வாசல்ல கீது. அதான் தூங்கறதுக்கு உங்க வூட்டுக்கு வந்துட்டோம். அப்பால போயிடுவோம்.”

பாண்டுரங்கனின் கழுத்து நரம்பு புடைத்தது. கத்துவதற்கு மூச்சை இழுத்தார். அதற்குள் கண்ணாடிக்காரர், “யாருக்காவது உடம்பு சரியில்லையா?” என்று பக்கத்தில் வந்து கேட்டுவிட்டார். வாடகைக்கு இருக்கிறவன் ஓனரின் ஹாலில் பாய் போட்டுப் படுத்திருக்கிறான் என்று மெட்ராஸ் பார்ட்டியிடம் எந்த வாயால் சொல்வது?

“அது... நம்ம சொந்தக்காரப் பையன் சார்” என்றார். “நைட் டூட்டி பாத்துட்டு வந்து...”

“மச்சான் மொற” என்றாள் முனியம்மாள், கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“அடடா, எழுப்பாதீங்க” என்றார் பெரியவர். குரலைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். “நைட் டூட்டி ரொம்பப் பாவம். எங்க அப்பா ரயில்வே. பகல்ல நாங்க வீட்டுல நடக்கவே மாட்டோம். படத்த இன்னொரு நாள் பாத்துக்கலாம்.”

“அதுக்குள்ள சார், டிரம்மோட சைடு வியூவ ஒரு தடவ...” என்று சுப்பராயன் டிரம் இருந்த பக்கம் கையைக் காட்டினார்.

“சத்தம் போடாதீங்க சார், ப்ளீஸ்!” என்றார் பெரியவர். “உள்ள ஒருத்தர் தூங்கறார் இல்ல?”

அந்த லைனில் அதுவரை அந்தோணிமேரியைத் தவிர யாரும் சொல்லாத வார்த்தை. சொன்னவருக்கு அந்த ஊரில் ஒரு அடி மண்கூடச் சொந்தமில்லை. அந்தோணிமேரி தட்டிலிருந்து இன்னொரு கொத்தை எடுத்தாள். கீரைக்காம்பை ஒடித்து ஒடித்துப் போட்டாள்.

அம்பாசிடர் போயிற்று. மேடம் கார்க் கதவைக்கூட மெல்லத்தான் சாத்தினார். இன்னொரு நாள் வருவார்களா என்பது அவர்கள் முகத்தில் தெரியவில்லை. பாண்டுரங்கன் முகத்தில் தெரிந்தது. சொந்த வீட்டு வாசலில், ஜவ்வாதுத் துண்டு வியர்வையில் நனைய, சாத்திய கதவுக்கு வெளியே நின்றார். சுப்பராயன் பர்மிஷன் நேரம் முடிவதாகச் சொல்லிவிட்டு நழுவினார். லைன் வாசல்களில் எல்லாப் பெண்களும் நின்றார்கள். கலைமதி ஜெர்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு, தன் வாசலை விட்டு நாலு வீடு முன்னால் வந்து நின்றிருந்தாள்.

பாண்டுரங்கன் படியருகே குனிந்தார். சொந்தக்காரப் பையன் என்று தானே சொல்லிவிட்ட பிறகு கத்த முடியவில்லையோ, அல்லது முனியம்மாள் கீரை ஆய்வதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்த பார்வையோ, பலகை மாட்டிய நாளிலிருந்து யாரும் கேட்டிராத ஒரு குரல் அவரிடமிருந்து வந்தது. காற்று மாதிரி.

“ஞாயித்துக்கெழமைக்குள்ள வூட்டக் காலி பண்ணு.”

அந்தோணிமேரியும் அதே குரலில் சொன்னாள்.

“சரிண்ணே. சாயங்காலம் வந்து சத்தமாச் சொல்லுங்க. இப்போ அவரு தூங்கட்டும்.”